மடியில் வைத்த ஃபோகஸ்

என் வீட்டுக்காரருக்குக் கெட்ட பழக்கம் என்று வேறு எதுவும் கிடையாது. கேமரா லென்ஸ் ஒன்றுதான். அதுவும் தானாக ஃபோகஸ் ஆகாத லென்ஸ். மூச்சைப் பிடித்துக்கொண்டு வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பி, எதிரே நிற்பவன் பொறுமை இழக்கிற வரைக்கும் திருப்ப வேண்டும். அந்த விலைக்கு ஒரு புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். தல்லாகுளத்தில் இவர் ஆபீஸ் ஆட்களே, "போன்ல ஒரு தட்டு தட்டுனா விழுற படத்துக்கு இம்புட்டுக் காசா சார்?" என்று கிண்டலடிப்பார்கள். ஞாயிறு விடிந்தால் கீழக்குயில்குடி தாமரைக் குளத்தங்கரையில் படம் எடுக்கக் குப்புறப் படுத்திருப்பார். சேற்றுச் சட்டையைத் துவைக்கிறவள் நான். அந்த லென்ஸைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகளுக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் இவர்கள் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்தோம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் ஒரு அண்ணன், ஒரு தம்பி. கிணற்றுப் பங்கில் தகராறாகி இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இவர்கள்தான். காலில் விழாத குறையாகக் கெஞ்சி இருவரையும் வரச் சம்மதிக்க வைத்தேன். அன்று ஒரு பொழுது சண்டையில்லாமல் கழிந்தால் போதும், பேச்சு தானாக வந்துவிடும் என்று நம்பினேன்.

எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் இரண்டு பேர் என்றால் மூத்தவர் மடி. மாமன் உட்காருகிற மணைப்பலகையில் மூத்தவருக்கு முன்னால் இளையவன் உட்கார்ந்தால், அவரைச் செத்தவராக நினைத்துவிட்டான் என்று அர்த்தம். இது என் வீட்டுக்காரருக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் கண்ணைக் கேமராவில் வைத்துவிட்டால் இவருக்கு உலகத்தில் ஒன்றும் தெரியாது.

அண்ணன் கொட்டு முழங்கச் சீர்வரிசையோடு வந்துகொண்டிருந்தார். தம்பி காலையிலேயே வந்து கிடாய்க் கறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணைக்கு எதிரே குத்தவைத்திருந்த இவர் அவனைக் கூப்பிட்டார்.

"மாப்ள, பிள்ளைய வச்சுக்கிட்டு ஒரு நிமிசம் அதுல உக்காருங்க. மடிக்கு ஃபோகஸ் வச்சுக்கிறேன். பெரியவரு வந்து உக்காந்ததும் டக்குன்னு எடுத்துரலாம்."

"வேணாம் மாமா. அண்ணன் பாத்தா வம்பாயிரும்."

"அட, சும்மா டெஸ்ட்டுக்குத்தான்."

உட்கார்ந்துவிட்டான். பொங்கல் பானைப் பக்கமிருந்து நான் பார்த்து, "எந்திரிடா" என்று கத்துவதற்குள் கொட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

அண்ணன் கையிலிருந்த சீர்த்தட்டு முதலில் பறந்தது. "எவன்டா ஒன்ன அங்க உக்காரச் சொன்னது? கெணறு பத்தாம இதும் வேணுமாடா ஒனக்கு?" தம்பி பதில் சொல்ல வாயைத் திறக்கக்கூட விடவில்லை. சாமி முன்னால் எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கை எண்ணெய் தெறிக்கப் பிடுங்கி ஓங்கி இறக்கினார். தேங்காய் உடைகிற மாதிரி சத்தம் கேட்டது. அடுத்த அடி தோளில் விழுந்தது. தம்பி பெண்டாட்டியின் அண்ணன்மார் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவிக்கொண்டு ஓடி வந்தார்கள். அண்ணனோடு வந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கினார்கள், அவை உடைந்ததும் உடைந்த காலால் குத்தினார்கள். குழம்பு அண்டா கவிழ்ந்து ஒரு ஆள் முழங்கால் வரை வெந்துபோய்க் கிடந்து அலறினார். காது குத்த வந்த ஆசாரி சுவரேறிக் குதித்து ஓடிவிட்டார். நான் ரத்தத்தில் வழுக்கி விழுந்து, தவழ்ந்து போய் மகளைத் தம்பி மடியிலிருந்து பிடுங்கினேன். அவள் பாவாடை சட்டையெல்லாம் ரத்தம். உடம்பெல்லாம் தடவித் தேடினேன், ஒரு கீறல் இல்லை. எல்லாம் என் தம்பி ரத்தம்.

அப்போதும் இவர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. போய் ஓங்கி ஒரு அறை விட்டேன். கல்யாணமாகி அதுதான் முதல் அறை. இன்றைக்கும் அதற்காக நான் வருத்தப்படவில்லை.

தம்பிக்கு மண்டையில் தையல், தோள்பட்டை எலும்பு முறிவு. போலீஸ் ஸ்டேஷனில் அண்ணன், "அவன்தான் மொதல்ல கைய ஓங்குனான், தடுக்கத்தான் அடிச்சேன்" என்று எழுதிக் கொடுத்தார். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. அவர் மனசார அப்படித்தான் நம்பினார். கூட வந்தவர்களும் சாமி சத்தியம் பண்ணினார்கள். முதல் அடி விழுந்ததை இவர் எடுத்த படம் இருக்கிற விஷயம் இரண்டு பக்கமும் தெரிந்துபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தம்பி, "அக்கா, அதக் குடு" என்றான். கொடுத்தால் அண்ணனை இழப்பேன், கொடுக்காவிட்டால் தம்பியை. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணனே வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"அத அழிச்சிரு தங்கச்சி. இல்லேன்னா அண்ணன்னு ஒருத்தன் இல்லேன்னு நெனச்சுக்க."

"பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா அழிக்கிறேன்."

இவர் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தார். விளக்கைத் தூக்கிய அண்ணனின் கை மேலே கலங்கலாகத்தான் இருந்தது. தானாக ஃபோகஸ் ஆகிற லென்ஸாக இருந்திருந்தால் அசைகிற அந்தக் கையைத் துரத்திக்கொண்டு போயிருக்கும் என்றார் இவர். இந்த லென்ஸ் வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. மடிக்கு வைத்தது. மடியில் இருந்தது அத்தனையும் மயிரிழை தப்பாமல் விழுந்திருந்தது. கொடுத்த விலைக்கு அது தகும் என்று நான் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான், அதுவும் வயிறு எரிந்துகொண்டு.

"பெருசாக்கு" என்றார் அண்ணன்.

தம்பியின் இரண்டு கையும் மகள் தலையைப் பொத்தியிருந்தன. விரலிடுக்கில் அவள் முடி தெரிந்தது. விளக்கு இறங்குகிற இடத்தில் முதலில் இருந்தது அவள் தலை. தம்பி குனிந்து தன் தலையைக் கொடுத்திருந்தான்.

அண்ணன் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். பிறகு, "பிள்ளைக்கு எங்கயும் படலயில்ல?" என்று கேட்டார். திடீரென்று தன் முகத்திலேயே அறைந்துகொண்டார். வலது கையால், இடது கையால், மாறி மாறி. உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. இவர் பாய்ந்து கையைப் பிடித்தார், உதறித் தள்ளியதில் இவர் போய் அலமாரியில் மோதினார். நிலைப்படியில் தலையை முட்டப் போனவரை நான் இடுப்போடு கட்டிக்கொண்டேன்.

"அவன்ட்டக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கொடுத்தேன். தம்பி ஸ்டேஷனில் கொடுத்தான். வாபஸ் வாங்கச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன தகுதி? அண்ணன் கோர்ட்டில் எதையும் மறுக்கவில்லையாம். தம்பிகூட இப்போது, "அண்ணன வரச் சொல்லுக்கா, பேசிக்கலாம்" என்கிறான். நான் வாரா வாரம் போன் போடுகிறேன். அண்ணிதான் எடுப்பார். "வெளிய போயிருக்காக ஆத்தா, வந்ததும் பேசச் சொல்றேன்" என்பார். பக்கத்திலேயே அண்ணன் இருமுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.