வாசல் ஸ்பீக்கரும் சாருஜாவின் ஒரு மணித்தியாலமும்

பாட்டுக் கேட்கும்போது சாருஜா கண்ணை மூடிக்கொள்வாள். மெல்லத் தலையை ஆட்டுவாள். சில இடங்களில் கண் கலங்கும். தன் வீட்டில், தன் அறையில், ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, ஒருவருக்கும் சத்தம் கேட்காமல் செய்கிற காரியம் இது. இதற்கு ஊருக்குக் காரணம் சொல்லாமல் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் ஒரு பெண்ணால் இருக்க முடியவில்லை.

முப்பது வயதைத் தாண்டியவள். நெல்லியடியில் படித்து, கட்டட வரைபடம் பழகி, இப்போது வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி பிளான் கீறிக் கொடுக்கிறாள். பகல் வேலை அது. பின்னேரங்கள் அவளுடையவை. புரோகிரசிவ், டிரான்ஸ் என்று சொல்கிற இசைத்துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து மணிக்கணக்கில் ஓடும் மிக்ஸ்கள் செய்வாள். டிஜே என்றால் எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டில் பெட்டிகளை அடுக்கிவைத்துக் கிழவர்களின் நெஞ்சை அதிரவைப்பவன். சாருஜா செய்வது அதுவல்ல என்று விளக்க முயன்றவர்கள் களைத்துப்போனார்கள்.

அவள் செய்வது இது. ஒரு துண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அடியில் இன்னொன்றை மெல்ல விடுவாள். வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர் மாறுகிறவன் ஒரு பாத்தி முழுக்க நிறையுமுன் அடுத்த பாத்தியின் வாயைக் கொஞ்சம் வெட்டிவிடுவதில்லையா, அப்படி. கொஞ்ச நேரம் இரண்டிலும் ஓடும். பிறகு பழையதின் அடிநாதம் வற்றும், புதியதின் அடிநாதம் ஏறும். எந்த இடத்தில் மாறியது என்று கேட்பவனுக்குத் தெரியக்கூடாது. கூர்ந்து கேட்டால் தெரியும். அப்படிக் கேட்பதில்தான் அவளுக்கு இன்பம். சொல் இல்லை, கடவுள் இல்லை, காதலன் இல்லை. "இதிலை பாட்டு எப்ப வரும்?" என்று அவளுடைய தாய் நல்லம்மா கேட்ட நாளிலிருந்து இன்னும் வரவில்லை. ஒரு தொண்டு நிறுவனத்து அம்மணி, இது யுத்தம் தந்த மனவடு என்று இரக்கப்பட்டுப் பார்த்தார். வடுவுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அவளுக்கு அது பிடிக்கும். எங்கள் மண்ணில் ஒருத்தி ஒன்றை வெறுமனே விரும்புவதற்கு உரிமை கிடையாதா?

போன ஆடியில் நெதர்லாந்திலிருந்து ஒலிபரப்பாகும் ஓர் இணைய வானொலி, விருந்தினர் நேரத்துக்கு ஒரு மணித்தியால மிக்ஸ் தரும்படி அவளைக் கேட்டது. வருடக்கணக்காக அனுப்பி அனுப்பிப் பதில் வராமல் இருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. சனிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேரவேண்டும். பிந்தினால் நேரம் வேறொருவருக்கு. வியாழனே மிக்ஸ் முடிந்துவிட்டது. இனித் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒருமுறை இடைநிறுத்தாமல் கேட்கவேண்டும். நடுவில் ஓரிடத்தில் ஏதோ பிழை என்று அவளுக்குச் சந்தேகம். ஆனால் கேட்க முடியவில்லை.

ஏனென்றால் அம்மன் கோயில் திருவிழா. எங்களூரில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தின் உபயம். நேற்றைய குடும்பத்தைவிட இன்றைய குடும்பத்தின் சத்தம் கூடத் தூரம் போகவேண்டும். அந்தக் குடும்பத்தில் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிறவர் வீடியோவில் பார்த்து, "எங்கடை நாளிலை ஏன் ஸ்பீக்கர் குறைவு?" என்று கேட்பார். ஆகவே கோயிலில் தொடங்கிய புனல் ஸ்பீக்கர்கள் தந்திக் கம்பம் தந்திக் கம்பமாக நடந்து வந்து, கடைசி ஸ்பீக்கர் சாருஜாவின் வாசல் படலைக்கு நேரே வாயைத் திறந்து நின்றது. விடியற்புறம் தொடங்கினால் பூசை இருக்கோ இல்லையோ ஓயாது. எந்த ஹெட்போனும் அதைத் தடுக்காது.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற சுபாஸ் கம்பத்தில் வயர் கட்டிக்கொண்டு நின்றபோது அவள் போய்க் கேட்டாள்.

"சுபாஸ் அண்ணை, உந்த ஒண்டை மட்டும் ஒரு மணித்தியாலம் கழட்டிவிடுங்கோவன்."

"நான் கட்டுறவன் பிள்ளை. கழட்டுறதெண்டால் தலைவரைக் கேள்."

"கோயில் அங்கை கிடக்கு. இதை இஞ்சை ஆருக்குக் கட்டுறியள்?"

"சனத்துக்கு."

"சனம் முழுக்கக் கோயிலிலை நிக்குது. இஞ்சை இருக்கிறது நான் மட்டும்தான்."

"அப்ப உனக்குத்தான்," என்றான் சுபாஸ், ஏணியிலிருந்து இறங்காமலே.

கோயில் பரிபாலன சபைத் தலைவர் கனகரத்தினம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பென்சன் எடுத்த அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தர். மற்றவர்களின் பிள்ளைகளைக் கவனிக்க அவருக்கு நிறைய நேரம் இருந்தது.

"ஏன், சாமிப் பாட்டுக் காதிலை குத்துதோ?"

"எனக்கு வேலை கிடக்கு ஐயா. ஒரு மணித்தியாலம்தான் கேக்கிறன்."

"என்ன வேலை?"

"ஒண்டைக் கேக்கவேணும்."

"கேக்கிறதுக்குத்தானே ஸ்பீக்கர் கட்டியிருக்கு."

அதோடு கதை முடிந்தது. வேறொரு கதை தொடங்கியது. கோயில் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்கிறாள், கண்ணை மூடித் தலையாட்டுகிறாள், அழுகிறாள். பின்னேரப் பூசைக்கு முன்னர் ஊர் கணக்கைச் செய்து விடையும் கண்டுவிட்டது: சீவரத்தினத்தின் மகள் வேதத்துக்கு, அதுதான் கிறிஸ்தவத்துக்கு, மாறிவிட்டாள். ஏதோ ஒரு ஜெபக் கூட்டத்தில் சேர்ந்து, ஹெட்போனில் ஜெபம் கேட்கிறாள். ஒருத்தி அமைதியை விரும்பினால் அதன் பின்னால் இன்னொரு மதம் நிற்கவேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் யோசிக்க இந்த மூளைகள் பழகவில்லை.

தகப்பன் சீவரத்தினம் தோட்டத்திலிருந்து காலைக் கழுவாமலே வந்தார். "பிள்ளை, நான் ஒண்டும் கேக்கேல்லை. கோயிலிலை வந்து ஒரேயொரு தேவாரம் பாடிவிடு. சனம் வாயை மூடும்."

"நான் பாடினால் சனம் ஓடும் அப்பா."

"பகிடி விடாதை. சபையிலையிருந்து என்ரை பேரையெல்லே வெட்டப்போறாங்கள்."

மறுநாள் மத்தியானப் பூசை முடிந்து கனகரத்தினம் வந்தார், சபையின் இன்னும் இரண்டு பேரோடு. விசாரணை. நல்லம்மா அவர்கள் இருக்கக் கதிரைகளைத் துடைத்துப் போட்டாள். என்னதான் கேட்கிறாள் என்று தாங்களே கேட்டுப் பார்க்கவேண்டுமாம். சாருஜா கோபத்தோடு கணினியைத் திறந்து, ஹெட்போனைத் தலைவரின் தலையில் மாட்டி, தன் மிக்ஸை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

தலைவர் கொஞ்ச நேரம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றினார்.

"ஒண்டும் விளங்கேல்லை. உந்த ஸ்பீக்கர் கத்துது."

"ஓம் ஐயா," என்றாள் சாருஜா.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "சுபாஸ், உந்த வாசல் ஸ்பீக்கரை நிப்பாட்டு. ஓ, இப்பவே. நான் சொல்லுறன்."

ஸ்பீக்கர் நின்றது. திருவிழா தொடங்கிய பிறகு முதல்முறையாக அந்த வீட்டில் குயில் கூவுவது கேட்டது. அவள் கேட்டபோது சாமிக் குற்றமாக இருந்தது, அவளைக் குற்றவாளியாக்குவதற்கு என்றதும் ஒரே போன் அழைப்பில் முடிந்துவிட்டது. சாருஜா இதை நினைத்து அழுதிருக்கலாம். அவள் அழவில்லை. இன்னொரு ஹெட்போனைக் கணினியில் பொருத்தித் தானும் மாட்டிக்கொண்டு, மறுபடி தொடக்கத்திலிருந்து விட்டாள்.

இருவரும் கேட்டார்கள். தலைவர் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். இயேசு என்று வந்தவுடன் பிடித்துவிட வேண்டும் என்று சுட்டுவிரலை உயர்த்தியபடி இருந்தார். மேளம் அடங்கி ஒரு மெல்லிய இழை மட்டும் நின்ற இடத்தில், "இப்பதான் தொடங்கப் போறாங்கள்," என்று மற்ற இருவருக்கும் எச்சரிக்கை கொடுத்தார். தொடங்கியது மறுபடி மேளம்தான். நல்லம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள், கையால் தள்ளினார். விரல் மெல்ல இறங்கிக் கதிரைக் கையில் தட்டத் தொடங்கியதை அவர் அறியவில்லை. மற்ற இருவரும் அறிந்தார்கள்.

நடுப்பகுதி வந்தது. சாருஜா கண்ணை இறுக்கினாள். அங்கேதான் பிழை. பழைய துண்டின் அடிநாதத்தை அவள் பிந்தி இறக்கியிருந்தாள். இரண்டு அடிநாதங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சேறாகக் கலங்கின. நிறுத்தாமல் கடைசிவரை கேட்டாள். வேறு பிழை இல்லை.

தலைவர் ஹெட்போனைக் கழற்றினார். "இதிலை ஒண்டுமில்லை," என்றார், ஏமாந்துபோன குரலில். "ஒண்டுமில்லாததை ஏன் பிள்ளை இவ்வளவு நேரம் கேக்கிறாய்?"

"ஒரு இடம் பிழைச்சுப்போச்சு ஐயா. திருத்தவேணும். திருத்தினதை நீங்கள் நாளைக்கு மத்தியானமும் வந்து கேக்கவேணும்."

"நான் ஏன்?"

"நீங்கள் போனாப்பிறகு நான் அதுக்குள்ளை என்னத்தைச் சேர்த்தன் எண்டு ஆருக்குத் தெரியும்?"

கனகரத்தினம் மற்ற இருவரையும் பார்த்தார். பொறுப்பு அவர் முகத்தில் ஏறியது. "அதுவும் சரிதான்," என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்பீக்கர் மறுபடி நின்றது. தலைவர் மறுபடி கதிரையில் இருந்து கேட்டார். அடிநாதம் இப்போது தெளிவாக மாறியது. சொந்த வேலையைச் செய்ய ஒருத்தி தன்மேல் தானே சந்தேகத்தை வரவழைத்து இரண்டு தரம் அமைதி வாங்கவேண்டியிருந்தது. இதைக் கெட்டித்தனம் என்று மெச்சுகிறவர்கள் மெச்சட்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று பின்னேரம் ஒலிவாங்கியில் கனகரத்தினத்தின் குரல் எல்லா ஸ்பீக்கர்களிலும் வந்தது. சீவரத்தினம் அவர்களின் மகள் சாருஜா பரிபூரண சைவப் பிள்ளை என்றும், சபை இரண்டு நாள் நேரில் பரிசோதித்து உறுதிப்படுத்திக்கொண்டது என்றும் அறிவித்தார். நல்லம்மா அடுக்களையில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சீவரத்தினம் படலைவரை போய், யாராவது கேட்கிறார்களா என்று தெருவைப் பார்த்தார்.

சாருஜாவுக்கு எந்தச் சாமியிலும் நம்பிக்கை இல்லை. இரண்டு நாள் பரிசோதித்த மூன்று பேரில் ஒருவர்கூட அதை அவளிடம் கேட்கவில்லை. "அம்மா," என்று தொடங்கினாள். நல்லம்மா திரும்பினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்த முகம். சாருஜா சொல்ல வந்ததை விட்டுவிட்டு மேசைக்குப் போய், மிக்ஸை நெதர்லாந்துக்கு அனுப்பினாள்.