பொட்டு வைத்த ஸ்டீரியோ

இன்று காலை தங்கையின் புருஷன் சிவம் புது ஸ்டீரியோவோடு வந்து நின்றான்.

"ரிமோட் வேலை செய்யேல்லை மச்சான். பட்டரியும் மாத்திப் பாத்திட்டன். பின்னேரம் மகளின்ர பிறந்தநாள். வா, கடையில குடுத்து மாத்துவம்."

வெஸ்ட்கேட் மோலில் கடைக்காரி ஸ்டீரியோவின் முன்பக்கம், ரிமோட்டின் கதிர் விழும் சின்னக் கறுப்புக் கண்ணாடியை விரலால் துடைத்தாள். ரிமோட்டை அமத்தினாள். பாட்டு அதிர்ந்தது.

அவள் துடைத்தது சந்தனமும் குங்குமமும். புதுச் சாமான் என்று தங்கை வைத்த பொட்டு.

வீட்டுக்கு வந்தால் தங்கை முறைத்தாள். "நல்ல நாளும் அதுவுமா பொட்டை அழிச்சுக்கொண்டு வந்து நிக்கிறியள்."

மறுபடி சந்தனம் குழைத்தாள். சிவம் ஓடிப்போய் ஸ்டீரியோவை மறைத்து நின்றான். பொட்டு அவன் நெற்றியில் விழுந்தது.

பொட்டு வைத்த ஸ்டீரியோ சொல்வழி கேட்கவில்லை. பொட்டு வைத்த மச்சான் கேட்பானோ? அனுபவம் உள்ள பெண்கள் எழுதுங்கோ.