இரண்டு குடுவைக் காற்று

கடல்முனை நிலையத்தில் அவருக்கு வேலை, காற்றைப் பிடித்து அனுப்புவது. தெருவில் அவரைக் ‘காத்துப் பொட்டலம்’ என்பார்கள். “என்ன பொட்டலம், இன்னைக்குக் காத்து என்ன விலை?” என்று சலூன்காரர் கேட்டால், “உனக்கு ஓசிதான், இழுத்துக்க” என்றபடி நடப்பார்.

கடலிலிருந்து காற்று வீசும் நாளாகப் பார்த்து, வாரம் ஒருமுறை, உள்ளே வெற்றிடமாக்கிய இரண்டு கண்ணாடிக் குடுவைகளோடு பாறை விளிம்புக்குப் போக வேண்டும். காற்றுக்கு முகம் கொடுத்து, மூச்சை அடக்கி, குடுவையைத் தலைக்கு மேலே நீட்டித் திருகைத் திறக்க வேண்டும். ‘உஸ்’ என்று அது குடித்து முடித்ததும் மூடிவிட்டு விலகி வந்துதான் மூச்சு விடலாம். மனிதன் விடும் மூச்சில் கரியமில வாயு அதிகம். ஒரு பெருமூச்சு பட்டால் குடுவை கெட்டது. பல நாட்டு நிலையங்களிலிருந்தும் இப்படிக் குடுவைகள் ஒரே ஆய்வகத்துக்குப் போகும். உலகக் காற்றில் அந்த வாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அங்கே அளப்பார்கள்.

அந்த வருஷம் அவருடைய நெஞ்சு மக்கர் பண்ணத் தொடங்கியது. நுரையீரல் இறுகிக்கொண்டே போகிறது, இனிமேல் பழையபடி ஆகாது என்றார் டாக்டர். நிலையத்தில் அவர் மூச்சு விடவில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் நிலையப் பொறுப்பாளர் அம்மா கூப்பிட்டார்.

“நம்ம குடுவையில வாயு எண் ரொம்ப மேல போயிருக்காம். நாமதான் கெடுக்கிறோம்னு சந்தேகப்படுறாங்க. அடுத்த குடுவையும் கெட்டிருந்தா நம்ம நிலையத்தையே எடுத்துடுவாங்க.”

“சரிங்க மேடம்” என்றார்.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் குனிந்திருந்தாள்.

“என் மூச்சுதான் உள்ள போயிருக்கு. கடைசி நொடியில விட்டுடுறேன் போல.”

“போலன்னா? விட்டீங்களா, இல்லையா?”

“தெரியல.” அதுதான் அவரை அரித்தது. “இந்தத் தடவை நீ வந்து பிடிக்கிறியா?”

“நல்லா இருக்கே! கல்யாணம் ஆனதுலேர்ந்து வாயை மூடுன்னீங்க. இப்ப அதுக்கே வேலைக்குக் கூப்பிடுறீங்க.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அவள் முதுகைத் தடவும்வரை நிற்கவில்லை.

அடுத்த வாரம் அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விளிம்பில் நின்றாள். அவர் அவளுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பார்த்தார். கன்னம் உப்ப, கை நடுங்காமல், இரண்டையும் பிடித்தாள். அவருடைய நல்ல காலத்தில்கூட அவ்வளவு சுத்தமாகப் பிடித்ததில்லை.

பெட்டி போன பிறகு அவருக்கு ஒரே ஓர் ஆசை. எண் இறங்கி வர வேண்டும். இறங்கினால் கெடுத்தது அவர்தான் என்று ஆகும். உண்மையைச் சொல்லிவிட்டு வேலையை விட்டுவிடலாம். போகட்டும்.

முடிவு வந்ததும் பொறுப்பாளர் அம்மா படியிறங்கியே வந்துவிட்டார். “தப்பிச்சோம்! ரெண்டு குடுவையும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுது, எதுவும் கெடலையாம். நிலையம் இருக்கும்.”

“எண் இறங்கிடுச்சா மேடம்?”

“எங்க? இன்னும் ஏறியிருக்கு. மத்த நிலையங்கள்லயும் இதே கதைதான். காடும் கடலும் இந்த வாயுவை முன்ன மாதிரி உறிஞ்சலையோன்னு பயப்படுறாங்க. உங்க பழைய குடுவையும் சரிதானாம். உங்க மேல பழி இல்ல, நிம்மதியா போங்க.”

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“என்னவாம்?”

“உன் காத்தும் சுத்தம், என் காத்தும் சுத்தம்.”

“பின்ன ஏன் எழவு வீட்டுல உட்கார்ந்த மாதிரி இருக்கீங்க?”

“என் தப்பா இருந்திருந்தா, நான் விலகினா சரியாப் போயிருக்கும்.”

அவள் மெஷினை நிறுத்தினாள்.

புதுக் குடுவைகள் வந்தன. அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அவரால் பாறை ஏற முடியவில்லை; பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். அவள் கையை உயர்த்தியதும், அவ்வளவு தூரத்தில் தேவையே இல்லாமல், அவரும் மூச்சை அடக்கினார். அவள் திருகை மூடுவதற்கு முன்பே இருமிவிட்டார்.