வடு இல்லாத உடம்பு

பிறந்த அன்றே அப்பேயாதுவின் உடம்பு அவனுக்குச் சொந்தமில்லாமல் போயிற்று. ப்ரோமாசே ஊரின் அரச மணை தாய்வழியில்தான் இறங்கும். மாமனுக்குப் பின் மருமகன். அதில் உட்காருகிறவன் உடம்பில் கத்தி பட்ட வடு இருக்கக்கூடாது. அவன் தாய் நியார்கோவா மன்னரின் தங்கை, ஊருக்கே ராணித்தாய். ஒரே மகனைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்தாள்.

பாவம், அவன் மரம் ஏறியதில்லை. கொக்கோத் தோட்டத்தில் அரிவாளைத் தொட்டதில்லை. பந்து விளையாடுகிற இடத்தில் மற்றவர்களின் செருப்புக்குக் காவல் நின்றான்.

"இளவரசரே, ஓரமா நில்லுங்க! பந்து பட்டா ஊருக்கே காயம்!" என்று கத்துவான் போவாச்சி, கூடப் படித்தவன். எல்லோரையும்விட அப்பேயாதுதான் சத்தமாகச் சிரிப்பான்.

வளர்ந்ததும் கொக்கோ மூட்டை நிறுக்கும் கொட்டகையில் வேலை. அவன் நிறுத்தால் யாரும் மறுநிறை கேட்டதில்லை. மன்னரோ குத்துக்கல்லாட்டம் இருந்தார். காத்திருந்த மருமகனுக்குத்தான் தலை நரைத்தது. காத்திருந்ததுகூட அவனில்லை, அவன் தாய்.

ஒரு மழைக்காலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தராசுக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தான். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"அம்மா, அறுத்துக்கறேனே. மணை வேணாம்மா. எனக்குத் தராசு போதும்."

"வாயக் கழுவு! ஒரு முள்ளு குத்த விட்டிருப்பேனா இத்தன வருஷமா? வீட்டுக்கு வா, கஷாயம் வெச்சுத் தரேன். கேக்கும்."

"சரிம்மா."

தாய் சொல்லை அவன் தட்டியதே இல்லை. ஒரே ஒரு தடவை தட்டியிருக்கலாம், படுபாவி. மழை விடுவதற்குள் போய்விட்டான்.

குளிப்பாட்டிய பெண்கள் அதிசயப்பட்டார்கள். "ஒரு கீறல் இல்லியே! மணைக்குன்னே செஞ்ச உடம்புடி இது." நியார்கோவாவுக்கு அவர்களை அடிக்கக் கை எழுந்தது.

அடக்கம் முடிந்தபின் மன்னர் வந்தார். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, இடுப்புத் துணியைச் சற்று இறக்கிக் காட்டினார். வலது அடிவயிற்றில் பழைய தையல் வடு, விரல் நீளத்துக்கு.

"பட்டம் கட்டறதுக்கு முன்னாடியே கடலோரப் பட்டணத்துல போய் அறுத்துக்கிட்டேன். ஒடம்பப் பாக்க வந்த பெரியவருக்கு ஒரு கொழுத்த ஆடு. அவரு வடுவப் பாக்காத மாதிரி கண்ண மூடிக்கிட்டாரு." மன்னர் தங்கை பக்கம் திரும்பினார். "சும்மா வயித்து வலின்னுதானேம்மா எனக்குச் சொல்லி அனுப்புன. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

எப்படிக் கேட்பாள்? அறுத்தால் மகனுக்கு மணை உண்டா என்று மன்னர் முன்னால் வாரிசைப் பற்றிப் பேசினால், எப்போது சாவீர்கள் என்று கேட்டதாக ஆகும். அந்த ஊரில் யாருக்கும் அதற்கு வாய் வராது. அதனால்தான் டாக்டர் சொன்னதை அண்ணனிடம் மறைத்தாள்.

"நீங்களாச்சும் இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே, அண்ணா?"

மன்னர் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா மணை போயிருக்கும்மா."

யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் நியார்கோவா சொன்னாள்:

"அவன் வேணாம்னுதான் சொன்னான், அண்ணா."