இல்லாத வீடியோ

அப்படி ஒரு வீடியோவே கிடையாது. ஜோதியிடம் நான் சொன்னது முழுப் பொய். ஏழு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. உங்களிடம் சொல்கிறேன் என்றால், நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியம்தான்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு ஆபீஸ் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். படித்தது மதுரையில், இங்கிலீஷ் மீடியம். வெளிநாட்டுப் பார்ட்டி போன் செய்தால் முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்து என்னைத்தான் கூப்பிடுவார். அந்த ஒரு நிமிடம் ஆபீஸே என்னைத் திரும்பிப் பார்க்கும். அதற்காகவேதான் வேலைக்குப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் அந்தப் போன் மாதத்துக்கு இரண்டு முறை வந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் யாரிடம் இங்கிலீஷ் பேச? காய்க்காரரிடமா, மாமியாரிடமா? ஒவ்வொரு முறையும் வார்த்தை வாய்க்கு வர முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது. உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஜோதி வேலைக்குச் சேர்ந்தாள். வன்னியம்பட்டிக்காரி. தமிழ் மீடியம். வீட்டில் கைக்குழந்தை. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, நான் ஏறும் பஸ்ஸிலேயே ஏறுவாள். ஒரு நாள் கேட்டாள்: “அக்கா, பஸ்ல போற நேரம் நாம ரெண்டு பேரும் இங்கிலீஷ்லயே பேசுவமா? எனக்குப் பேச ஆளே இல்லக்கா.”

எனக்கும் ஆள் இல்லை என்பதை நான் சொல்லவில்லை. ஏதோ பெரிய மனது பண்ணுகிறவள் போலத் தலையாட்டினேன்.

பஸ் கிளம்பினால் ராஜபாளையம் வரும்வரை தமிழ் கூடாது. நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் கட்டி, சரிபார்த்து, அதன் பிறகே வாயைத் திறப்பேன். அவளோ வந்ததைப் பேசுவாள். முந்தின நாள் வைத்த கருவாட்டுக் குழம்பு, மாமியாருடன் சண்டை, பிள்ளைக்குச் சளி, எல்லாம் இங்கிலீஷில். முன்சீட்டில் யாராவது திரும்பிச் சிரித்தால் அவளும் கூடச் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருவாள். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

ஒன்றரை வருடத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை... அதுதான் இன்னும் எரிச்சல்.

நான் அய்யனார் கோவிலுக்குப் போக லீவு எடுத்த ஒரு நாள், வெளிநாட்டுப் பார்ட்டியின் போனை அவள் எடுத்திருக்கிறாள். அடுத்த முறை நான் எடுத்ததும் அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி, ஜோதி இருக்கிறாரா என்பது. போனை அவளிடம் நீட்டினேன். வெகுநேரம் பேசினார்கள். நடுவில் சிரிப்பு வேறு. என்னோடு பேசி அவர் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

பிறகு அவர் நேரிலேயே வருவதென்று முடிவானது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “உங்கள்ல ஒருத்தர் அவரக் கூட்டிட்டுப் போயி தறி, குடோன் எல்லாம் சுத்திக் காட்டணும். அவங்கதான் இனி எக்ஸ்போர்ட் இன்சார்ஜ். ரெண்டு பேரும் பேசிச் சொல்லுங்க.”

வெளியே வந்ததும் ஜோதி என் கையைப் பிடித்தாள். “அக்கா, நீங்க சீனியர். ஆனா நான் ஒரு தடவ கேட்டுப் பாக்கட்டுமா? இந்த வேல கெடச்சா மகள இங்கிலீஷ் மீடியத்துல சேத்துருவேன்.”

“தாராளமாக் கேளு” என்றேன்.

இரண்டு நாள் தூக்கமில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய இங்கிலீஷை வைத்தே என்னைத் தள்ளிவிட்டுப் போகிறாளே என்று பொருமினேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் என் இங்கிலீஷும் உயிரோடு இருந்தது... அதை நினைத்தேனா?

மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் அவளை ஓரமாக அழைத்துப் போனேன். “ஏட்டி, நீ பஸ்ல பேசுதத காலேஜ் பிள்ளைக வீடியோ எடுத்து வாட்ஸப்புல போட்டு ஒரே கேலி. என் தம்பிக்கு வந்துச்சு. அவன்ட்டச் சொல்லி எல்லாத்தையும் அழிக்க வச்சுட்டேன்.”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “மாமியாரப் பத்தியெல்லாம் பேசிருக்கேனேக்கா... அவிய பாத்தா என்னைய வேலைக்கே விட மாட்டாவளே.”

அதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன்.

“இனிமே வாயத் தொறக்காத. அம்புட்டுதான்” என்றேன்.

“நல்லவேள, நீங்க இருந்தீங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது.

அன்றோடு பஸ்ஸில் இங்கிலீஷ் நின்றது. முதலாளியிடம் அவளே போய், தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பார்ட்டி வந்த அன்று பழைய ஃபைல் அறைக்குள் ஒதுங்கிக்கொண்டாள். ஜோதி எங்கே என்று அவர் கேட்டார். லீவு என்றேன். இரண்டாவது பொய்க்கு எனக்கு வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை.

இன்சார்ஜ் நான்தான், இன்றுவரை. ஆனால் பேச ஆளில்லை. மொட்டைமாடியில் நின்று போனில் ஒரு ஆப்போடு பேசிப் பார்க்கிறேன். எதைச் சொன்னாலும் அது அருமை என்கிறது. பார்ட்டியிடம் பேசுமுன் துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் ஜோதி மகளோடு பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் இப்போது ஐந்தாவது, அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். என்னைப் பார்த்ததும் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துப் போட்டி, விழுந்து அடிபட்ட தோழி, எல்லாம் சத்தமாக, வந்தது வந்தபடி. வீட்டுக்குள் ஜோதி பேசிப் பழக்கியிருக்கிறாள் போல. அப்படியே அம்மா.

முன்சீட்டில் இரண்டு பேர் திரும்பினார்கள். ஜோதி சட்டென்று மகளின் வாயைப் பொத்தினாள்.

“பஸ்ல வேண்டாம்ட்டி. எவனாச்சும் எடுத்துப் போட்டுருவான். அன்னைக்கு இந்தப் பெரியம்மா மட்டும் இல்லேன்னா அம்மா நெலம என்னாயிருக்கும்?”

பிள்ளை என்னைப் பார்த்து, “தேங்க்ஸ் பெரியம்மா” என்றது.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை, நீ பேசு கண்ணு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை. அதுகூடப் பரவாயில்லை... அந்தப் பிள்ளை பேச்சை நிறுத்தியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.