மச்சானின் குவேக்கர் பூட்டன்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்தில் மச்சானும் நானும் ஒரே அறையில் இருந்த காலம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அவளும் எங்கள் மகளும் யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட நான் போட்ட மனு கோபன்ஹேகனில் கிடந்தது. எப்போது கேட்டாலும் "பரிசீலனையில் இருக்கிறது" என்பார்கள். எங்கள் ஆட்களின் மனுக்களை வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்து, நாடே அதைத் தமிழர் வழக்கு என்று பேசியது. அப்போது எங்களுக்கு என்ன தெரியும்? சுவரோடு முட்டத்தான் தெரியும்.

மச்சான் முட்டவில்லை. அவன் பூட்டனைத் தேடினான்.

அவர்களுடைய தாய்வழிப் பூட்டன் ஒரு வெள்ளைக்காரர், மாத்தளைக்கு மிஷன் வேலையாக வந்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர் என்று அவர்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. "ரத்தத்தில ஐரோப்பா இருக்கெண்டு காட்டினா, தங்கச்சியின்ர ஃபைலைத் தூக்கி மேல வைப்பாங்கள் மச்சான்" என்றான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் அவனை வெல்ல ஆளில்லை.

"பூட்டன் இங்கிலீஷ்காரன். இது டென்மார்க்" என்றேன்.

"எல்லாம் வெள்ளைதானே" என்றான்.

கத்தோலிக்கன் அல்லவா, எந்த அத்தாட்சியையும் ஞானஸ்நானப் பத்திரத்தில்தான் தொடங்குவான். கண்ட கண்ட பாதிரிமாருக்கெல்லாம் எழுதினான். கடைசியில் நூலகத்திலிருந்த பெண்மணி பொறுமையாகச் சொன்னாள்: குவேக்கர்களுக்கு ஞானஸ்நானமே கிடையாது, குருவும் கிடையாது. அத்தோடு விடுவான் என்று பார்த்தேன். "அப்ப அவையளையே போய்க் கேப்பம்" என்றான்.

இறைச்சித் தொழிற்சாலையில் கிழமை முழுக்க முறிந்துவிட்டு நித்திரை கொள்ள வேண்டிய ஞாயிறு. என்னை எழுப்பி ரயிலில் ஏற்றி, அந்த ரயிலையும் கப்பலில் ஏற்றுவார்களே, அப்படிக் கடல் கடந்து கோபன்ஹேகனுக்கு இழுத்துப் போனான். வழியெல்லாம் பூட்டன் புராணம். எனக்கு வந்த விசருக்கு அவனைக் கடலில் தள்ளியிருப்பேன்.

குவேக்கர்கள் கூடுகிற இடத்தில் சிலுவை இல்லை, பீடம் இல்லை. ஒரு சாதாரண அறையில் கொஞ்சப் பேர் வட்டமாகக் கதிரைகளில் பேசாமல் இருந்தார்கள். வாசலில் நின்ற கிழவர் எங்களையும் இருக்கச் சொன்னார். நெடுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பெண் எழுந்து, நோயில் கிடக்கும் சிநேகிதியைப் பற்றி இரண்டு வசனம் சொல்லிவிட்டு இருந்தாள்.

மச்சான் என்னை இடித்தான். "மன்றாட்டு தொடங்கிட்டுது."

பூசையில் ஒருவர் எழுந்து ஒரு வேண்டுதலைச் சொல்ல, சபை முழுவதும் ஒரே குரலில் பதில் சொல்லும். இதையும் அப்படியே நினைத்துவிட்டான். நான் பிடிப்பதற்குள் எழும்பி நின்றான். பூட்டனைப் பற்றி ஒரு சொல் இல்லை. தமிழில், கோயிலில் சொல்கிற அதே குரலில் சொன்னான்: "என் தங்கையும் அவள் பிள்ளையும் உயிரோடு எங்களிடம் வந்து சேர வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

உயிரோடு என்ற சொல்லை நாங்கள் இருவரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

பதிலுக்குக் காத்து நின்றான். ஒருவரும் அசையவில்லை. யாருக்கு என்ன விளங்கும்? அவன் திரும்பக் கதிரையில் இருக்கவுமில்லை.

நான் சைவம். அவளைக் கட்டிய பிறகு அவளோடு மாதா கோயிலுக்குப் போய்ப் போய்ப் பாடமான பதில் அது. எழும்பினேன்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

மன்றாடுகிற குரலாக அது வரவில்லை. மனு கிடந்த அரசாங்கக் கந்தோரில் அத்தனை நாளும் போட முடியாத சத்தம் அங்கே வந்தது.