கேது மேலே, சனி கீழே

இன்று பம்மலில் பிரிண்ட் கடைக்காரரோடு சண்டை.

எங்கள் கோயில் நவக்கிரக சன்னதியில் யார் எங்கே நிற்கிறார் என்று காட்ட ஒன்பது கட்டங்கள் போட்ட பலகை. கட்டளை எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருளில் நானே செய்தது. யாரும் சொல்லித் தரவில்லை.

அச்சில் பார்த்தால் ஒரே வரிசையில் கேது மேலே ஏறியிருக்கிறார், சனி கீழே இறங்கியிருக்கிறார். 'நடுவில் வை' என்றால் ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக அளந்து வைக்கிறது. 'து'வுக்குக் கீழே வால், அதனால் கேது மேலே போகிறார்; 'னி'க்கு மேலே வளைவு, அதனால் சனி கீழே வருகிறார்.

"யாருக்கா ஸ்கேல் வெச்சிப் பாக்கப் போறாங்கோ? நானே வேற சாஃப்ட்வேர்ல அடிச்சித் தரேன். நீ வூட்டுக்குப் போக்கா."

"ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காதவங்கதான் தம்பி. ஆனா நிக்கிறது ஒரே பீடத்துல. சரியாகாம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அவர் மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாமல், அகலத்தில் இடம் அடைக்காமல் ஒரு 'னி'யும் ஒரு 'து'வும் வைத்தேன். எல்லாப் பெயருக்கும் ஒரே உயரம் வந்துவிட்டது.

மறு அச்சில் அந்த வரிசை முழுதும் ஒரே கோட்டில் நின்றது.

கடைக்காரத் தம்பி ஸ்கேல் வைத்துப் பார்த்தார். நான் பார்க்கச் சொல்லவில்லை.

சந்தேகம் உள்ளவர்கள் சனிக்கிழமை ஸ்கேலோடு சன்னதிக்கு வரலாம். நான் அங்கேதான் இருப்பேன்.